கூத்துக் கேசற்றுக்கு ஒரு பெட்டி: நாலு பிளேயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது

கூத்துக் கேசற்றுகளில் ஒரு பகுதியை எம்பி3 ஆக்கி முடித்த பிறகுதான் பெரிய கேள்வி வந்தது: இதை அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான், எதில் போட்டுக் கேட்பார்? பெடியன்கள் எல்லாரும் போனைச் சொன்னார்கள். அவருக்கு அது சரிவராது. இரண்டு கண்ணிலும் கற்றரக்ட் ஒப்பரேஷன் செய்தவர். தொடுதிரையில் விரல் எங்கே பட்டது என்று அவர் யோசிப்பதற்குள் பாட்டு நின்று யாருக்கோ கோல் போய்விடும். அவருக்கு வேண்டியது கையில் பிடித்து, பார்க்காமல் அமத்தி, நேற்று விட்ட இடத்தில் இருந்து இன்று கேட்கக்கூடிய ஒரு சாமான்.

என்னிடம் பழைய மியூசிக் பிளேயர்கள் கொஞ்சம் கிடக்கின்றன. கட்டாரிலும் கனடாவிலும் இருந்து வந்தவர்கள் கொண்டுவந்து, போன் வந்ததும் லாச்சிக்குள் போட்டு மறந்தவை. பிறகு "இது ஓடுமா பாருங்கோ" என்று என் மேசைக்கு வந்து சேர்ந்தவை. அதில் நாலைத் தெரிவு செய்தேன். அப்பிளின் ஐபொட், வீடியோ ஓடும் ஐந்தாம் தலைமுறை, 30 ஜிபி. மைக்ரோசொப்டின் சூன், அதுவும் 30 ஜிபி. சிங்கப்பூர் கிறியேற்றிவ் நிறுவனத்தின் மூவோ டிஎக்ஸ் எஃப்எம், 512 எம்பி. சான்டிஸ்க்கின் சன்சா கிளிப் பிளஸ். ஒரே வேலைக்காகச் செய்த நாலு சாமான். ஒன்றின் உடம்புக்கும் மற்றதன் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த உடம்புகளைப் பற்றியது. ஒலித்தரத்துக்குச் சண்டை பிடிக்க நான் வரவில்லை. ஒற்றை மைக்கை வைத்துக் கேசற்றில் பிடித்த கூத்துக்கு நாலுமே தாராளம்.

ஐபொட்டை எடுத்ததும் பக்கத்தில் கிடந்த கேசற் ஒன்றை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஐபொட் 103.5 மில்லிமீற்றர் நீளம், 61.8 அகலம், 11 தடிப்பு. கேசற் ஏறக்குறைய 100 நீளம், 64 அகலம், 12 தடிப்பு. ஓரத்துக்கு ஓரம் ஒத்துப்போகிறது. பிலிப்ஸ் கேசற்றை வெளியிட்டது 1963 இல்; இந்த ஐபொட் வந்தது 2005 இல். உள்ளே இருக்கும் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க்கின் அகலம் 54 மில்லிமீற்றர் என்பதால் வெளி அகலம் அதற்கு மேல்தான் வர முடியும், அதனால் இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இடைப்பட்ட 42 வருடத்தில் சேர்ட் பொக்கற்றும் உள்ளங்கையும் வளரவில்லை என்பதும் உண்மைதானே. கேசற் பெட்டிக்குள்ளேயே ஐபொட்டை வைத்து மூடலாம் என்று ஆசைப்பட்டேன். கேசற்றின் பல்லுச் சக்கரத்துக்காக உள்ளே நிற்கும் இரண்டு முளைகளும் விடவில்லை.

சூன் 112 நீளம், 61 அகலம், 14.7 தடிப்பு. எடை 158 கிராம்; ஐபொட் 136. தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். கையில் எடுத்தால் ஒன்று தகடு, மற்றது கட்டி. 2006 நவம்பரில் சூன் வந்தபோது எல்லாரும் சிரித்தது அதன் மண்ணிறத்தைப் பார்த்து. எனக்கு வந்ததும் மண்ணிறம்தான். ரொறன்ரோவில் இருந்து வந்தது. வேறெங்கிருந்தும் வந்திருக்கவும் முடியாது, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே அதை விற்கவே இல்லை. சிரித்தவர்கள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மண்ணிறத்துக்கு வெளியே கண்ணாடி போன்ற இன்னொரு பிளாஸ்ரிக் படை இருக்கிறது. ஓரத்தைச் சாய்த்தால் அது பச்சையாகத் தெரியும். மேற்பரப்பு மெதுவானது, விரல் அடையாளம் விழாது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு கீறல் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஐபொட்டின் முதுகு பளபளக்கும் ஸ்டீல். புதிதில் கல்யாண வீட்டுச் செம்பு மாதிரி மின்னியிருக்கும்; இப்போது திறப்புக் கோர்வை இழுத்த கோடுகள்தான் மிச்சம். வடிவு என்று பார்த்தால் ஐபொட். பாவிப்பதற்கு என்று பார்த்தால் இந்த ஒரு விசயத்தில் சூன் செய்தவர்களுக்கே என் வோட்டு.

ஆனால் சூனின் முகத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நடுவில் வட்டமான ஒரு பாட். ஐபொட்டைத் தொட்டுப் பழகிய யாரும் அதில் விரலைச் சுழற்றித்தான் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. அது சுழற்றும் சக்கரமே கிடையாது; மேல், கீழ், இடம், வலம், நடு என்று ஐந்து இடத்தில் அமத்தும் பட்டன். மேசைக்கு வந்த ஒவ்வொருவரும் அதைச் சுழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் வந்த சூன் 80 இல் தொட்டால் உணரும் பாட் ஒன்றைப் போட்டார்கள். திரை 3 அங்குலம், ஐபொட்டில் 2.5. இரண்டிலும் 320க்கு 240 புள்ளிகளே; ஆக சூனில் எழுத்து பெரிதாகத் தெரியும், கொஞ்சம் கரடாகவும் தெரியும். கண் மங்கியவருக்கு அது நல்லதே.

ஐபொட்டின் சக்கரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2001 ஒக்ரோபரில் அறிவித்த முதல் ஐபொட்டில் சக்கரம் உண்மையாகவே சுழலும். 2002 இல் அதே இடத்தில் அசையாத, தொட்டால் உணரும் வளையம் வந்தது. 2003 இல் பட்டன்களைத் திரைக்குக் கீழே வரிசையாக எடுத்து வைத்து, அவற்றையும் தொடுபட்டன் ஆக்கினார்கள். பார்க்க அழகு, இருட்டில் தடவினாலே பாட்டு மாறிவிடும். 2004 இல் ஐபொட் மினியில்தான் சரியான இடத்துக்கு வந்தார்கள்: வளையம் தொடுவதை உணரும், அதே வளையத்தை நாலு பக்கமும் அமத்தினால் பட்டன் போலக் கிளிக் என்று இறங்கும். என் மேசையில் இருப்பதிலும் அந்தச் சக்கரமே. கண்ணை மூடிக்கொண்டு பாவித்தேன். நிறுத்துவதும் ஓட விடுவதும் கீழ்ப்பக்கம். விரல் தானாகப் போகிறது. வொலியூம் மட்டும் சுழற்ற வேண்டும், அது விரலின் ஈரத்தைப் பொறுத்து ஒருநாள் பாயும், ஒருநாள் இழுபடும்.

மூவோ இந்தக் கூட்டத்தில் சேராத ஆள். பெருவிரல் அளவு குச்சி. பிடித்து இழுத்தால் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி பற்றரிக் கூடு, ஒரு ஏஏஏ பற்றரி போடலாம், மறுபாதியின் நுனியில் யூஎஸ்பி முனை. வயர் தேவையில்லை, நேரே கம்பியூட்டரில் குத்தலாம். பற்றரி செத்தால் இங்கே மட்டக்களப்பில் கல்லடிச் சந்திக் கடையில் புதுசு வாங்கிப் போடலாம். 2005 ஜனவரியில் அப்பிள் திரையே இல்லாத ஐபொட் ஷஃபிளை வெளியிட்டபோது, கிறியேற்றிவை நிறுவிய சிம் வோங் ஹூ அதைப் பகிரங்கமாகக் கேலி செய்தார்: மலிவான சீன பிளேயரில்கூட திரையும் எஃப்எம் ரேடியோவும் இருக்கிறதே என்று. சாமானை எடுத்து வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். மூவோவில் திரை, ரேடியோ, குரல் பதிவு, மாற்றக்கூடிய பற்றரி எல்லாம் இருந்தது. ஷஃபிளில் ஒன்றும் இல்லை, ஆனாலும் உலகம் முழுக்க விற்றது. உள்ளே பூட்டிய பற்றரி கொண்ட 22 கிராம் வெள்ளைக் குச்சி அது. கழுத்தில் தொங்கவிட்டால் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

என்னிடம் இருந்த மூவோ ஓடவில்லை. பற்றரிக் கூட்டைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. யாரோ பற்றரியை உள்ளே வைத்தே மறந்துவிட்டார்கள். இது அல்கலைன் பற்றரி கசிந்தது, காரம். அதனால் காதுக்குச்சியில் வினாகிரி தொட்டு மெதுவாகத் துடைத்தேன், நுரைத்துக் கரைந்து வந்தது. சாதாரண கார்பன் பற்றரி கசிந்தால் அது அமிலப் பக்கம்; அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தொட வேண்டும், வினாகிரி போட்டால் தகரத்தை இன்னும் தின்னும். பிறகு பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஈரத்தை எடுத்து, ஸ்பிரிங்கின் நுனியை நைசான மணல்தாளால் உரசினேன். புதுப் பற்றரி போட்டதும் திரை எரிந்தது. நாலிலும் இலேசான ரிப்பயர் இதுதான். கடலோரம் இருக்கிற நமக்கு இது தெரிந்த கதை. பற்றரி கசியாவிட்டாலும் உப்புக் காற்று ஸ்பிரிங்கில் களிம்பு ஏற்றிவிடும்.

சரி, மூவோவையே கொடுத்தால் என்ன? கணக்குப் போட்டேன். எம்பி3 இன் வழமையான தரமான 128 கேபிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு 128 கிலோபிற்) ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 58 எம்பி. தொண்ணூறு நிமிடக் கேசற் ஒன்று 86 எம்பி. இரவு தொடங்கி விடியும் வரை போன ஒரு கூத்து ஆறு கேசற்றில் இருக்கிறது. ஐந்து ஏறியது, ஆறாவதற்கு இடமில்லை. அரசனுக்கு என்ன ஆனது என்று தெரியாமலே கூத்து முடிந்துவிடும். மோனோவாக, அதாவது ஒற்றை ஒலித்தடமாக, 64 இல் மாற்றினால் ஆறும் ஏறி, கிட்டத்தட்டப் பாதி மிச்சம் இருக்கும். மூலமே மோனோ என்பதால் நட்டம் பெரிதில்லை, சல்லரியின் மேல் ஓசை கொஞ்சம் மங்குவதைத் தவிர. ஆனால் அவரிடம் இருப்பது ஒரு கூத்தா? மெமரி காட் போடும் வழியும் மூவோவில் இல்லை. அதை ஒதுக்கி வைத்தேன்.

சூனை நான் கழற்றவே இல்லை. ஓடுகிற சாமான், பற்றரியும் ஓரளவு நிற்கிறது. ஆனால் அதன் பூட்டிய உடம்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2008 டிசம்பர் 31 அன்று உலகத்தில் இருந்த சூன் 30 எல்லாம் ஒரே நாளில் உறைந்து நின்றன. உள்ளே இருக்கும் கடிகாரத்துக்கான டிரைவர், லீப் வருடத்தின் 366 ஆவது நாளைக் கணக்கில் எடுக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோசொப்ட் சொன்ன மருந்து என்ன தெரியுமா? பற்றரி முழுதாக வடியும் வரை பொறுத்து, ஜனவரி 1 அன்று கிறீனிச் நேரப்படி மதியத்துக்குப் பிறகு சாஜில் போடுங்கள். வெளியில் இருந்து பற்றரியைக் கழற்ற வழி இருந்திருந்தால் இந்த வடியும் வரை காத்திருப்பு தேவைப்பட்டிருக்காது. மூவோக்காரன் கூட்டை இழுத்துவிட்டு வேலையைப் பார்ப்பான்.

இனி ஐபொட். இது மேசைக்கு வரும்போதே பற்றரி செத்து, ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டிக்கொண்டு, திரையில் சோக முகம் காட்டிக்கொண்டு வந்தது. அந்த வயதுக்கு அது நியாயம், 1.8 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 4200 தடவை சுழன்ற காலம் கொஞ்சமா. எப்படியும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி காட் போடத்தான் எண்ணம், ஏனென்றால் அண்ணாவியார் வீட்டுத் தரை சீமெந்து; விழுந்தால் ஹார்ட் டிஸ்க் தாங்காது.

ஐபொட்டில் கண்ணுக்குத் தெரியும் ஸ்க்ரூ ஒன்றுமே இல்லை. முன்பக்கப் பிளாஸ்ரிக்கும் பின்பக்க ஸ்டீலும் சந்திக்கும் கோடு ஒன்றுதான் வாசல். உள்ளே வரிசையாகக் கவ்விகள். முதல் வேலை மேலே உள்ள ஹோல்ட் சுவிச்சைப் பூட்டிவிடுவது. நடுவில் ஓன் ஆகிவிடக் கூடாது. பிறகு பழைய ஏடிஎம் காட்டின் ஓரத்தைச் சீவிக் கூராக்கி, பக்கவாட்டில் அந்தக் கோட்டுக்குள் செருகினேன். இரும்பால் தொடக் கூடாது. ஸ்டீல் ஓரம் ஒருதரம் வளைந்தால் திரும்பப் பூட்டும்போது அந்த இடத்தில் இடைவெளி நிரந்தரமாக நிற்கும். ஒரு கவ்வி விட்டதும் அங்கே ஒரு துண்டுப் பிளாஸ்ரிக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் விட்டது திரும்பக் கவ்வும்.

கடைசிக் கவ்வி விட்டதும் ஆசையில் இழுத்துப் பிரிக்கக் கூடாது. இரண்டு பாதிகளையும் நாடா மாதிரித் தட்டையான இரண்டு வயர்கள் இணைக்கின்றன. ஒன்று பற்றரியுடையது, மற்றது ஹெட்போன் துளையுடையது. பற்றரி நாடா போய்ச் சேரும் இடத்தில் மண்ணிறத்தில் ஒரு பூட்டு இருக்கும், நகத்தின் பாதி அளவு. அதை இரண்டு முனையிலும் மாறி மாறி ஒரு மயிரிழை உயர்த்தினால் நாடா தானே வழுகி வரும். பூட்டு முழுதாகக் கழன்றுவிட்டால் அதைத் திரும்ப நிறுத்துவது பெரும் பாடு. ஹெட்போன் நாடாவை நான் கழற்றவில்லை. பின்பாதியை ஒரு தீப்பெட்டியில் சாய்த்து நிறுத்தி வைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

உள்ளே பார்த்தால் இவர்கள் எதற்கு மரியாதை கொடுத்தார்கள் என்று விளங்கும். ஹார்ட் டிஸ்க் நீல ரப்பர் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பற்றரியைப் பின் ஸ்டீலோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று பாதுகாக்க வேண்டியது, மற்றது மாற்றப்படாதது என்று கணக்கு. ஆனால் லித்தியம் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியாததா? எனக்கு ஐபொட்டில் உள்ள ஒரே மனக்குறை இதுதான். பற்றரி கொஞ்சம் ஊதியும் இருந்தது. ஊதியதைக் குத்தவோ மடக்கவோ கூடாது. பசைக்கு அடியில் ஏடிஎம் காட்டை மெதுவாக ஓட்டி, வளைக்காமல் தூக்கி, மணல் போட்ட பால்மா ரின்னுக்குள் வைத்தேன்.

ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டால் அதன் நாடா ஒரு கறுப்புப் பூட்டுக்குள் போகிறது. அதை நிமிர்த்தினால் நாடா வந்துவிடும். அதே நாடாவில் மைக்ரோ எஸ்டி காட் போடும் அடப்டரைச் செருகிப் பூட்டை அமத்தினேன். நாடா நேராக உட்கார்ந்ததா என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் சரிந்தாலும் சோக முகம் திரும்ப வரும். ஹார்ட் டிஸ்க் 5 மில்லிமீற்றர் தடிப்பு, அடப்டர் அதைவிட மெல்லிசு. மிச்ச இடைவெளிக்குப் பொதி சுற்றி வந்த ஃபோமை வெட்டி வைத்தேன். இல்லாவிட்டால் உள்ளே கிலுகிலுக்கும். புதுப் பற்றரி கொழும்பில் இருந்து பார்சலில் வந்தது. மூடுவதற்கு முன் ஒருதரம் ஓன் பண்ணிப் பார்த்து, பிறகு சுற்றிவர விரலால் அமத்தினேன். கவ்விகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் பூட்டின.

ஐபொட்டை ரிஸ்டோர் பண்ணியது, அதாவது அதன் சொப்ட்வெயரைப் புதிதாக ஏற்றியது, விண்டோஸ் கம்பியூட்டரில். மேக்கில் செய்தால் வேறு ஃபோர்மட்டில் வரும், அதில் ரொக்பொக்ஸ் ஏறாது. ரொக்பொக்ஸ் என்பது பழைய பிளேயர்களுக்காக ஆர்வலர்கள் 2001 இல் இருந்து எழுதிவரும் இலவச சொப்ட்வெயர். நிறுத்திய இடத்தைத் தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய உதவி, கண் தெரியாதவர்களுக்காக மெனுவை வாசித்துக் காட்டும். அந்தக் குரல் ஆங்கிலம். அது அண்ணாவியாருக்கு எதற்கு? ஆனால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் நாமே பேசி ஒரு குரல் துண்டு வைக்க அதில் வழி உண்டு. அவருடைய பேர்த்தியைக் கொண்டு கூத்தின் பெயரையும் எத்தனையாம் கேசற் என்பதையும் போனில் பதிந்து வாங்கி, ரொக்பொக்ஸோடு வரும் கருவியால் மாற்றி, அந்தந்த இடத்தில் வைத்தேன். இப்போது சக்கரத்தைச் சுழற்றினால் பிள்ளை பெயர் சொல்லும்.

கிளிப் பிளஸ்ஸையும் இதே மாதிரித் தயார் செய்தேன்; உண்மையைச் சொன்னால் என் மனதில் இருந்தது அதுதான். 2009 இல் வந்தது, 24 கிராம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பக்கவாட்டில் மைக்ரோ எஸ்டி காட் துளை. கழற்றவே தேவையில்லை, காட்டை மாற்றினால் போதும். எல்லாம் உண்மையான பட்டன், தொட்டால் பாயும் வளையம் இல்லை. ஒரு அங்குலத் திரையில் மேல் வரி மஞ்சள், மிச்சம் நீலம். இதன் பற்றரியும் செத்திருந்தது. இங்கேயும் ஸ்க்ரூ தெரியாது. இரண்டு பிளாஸ்ரிக் பாதிகளின் கோட்டில் மெல்லிய பிளேட்டை வைத்துச் சுற்றி வர வேண்டும். உள்ளே நடுத்தரமான ஒரு முத்திரை அளவில் ஒரே போட். புரொசசர், ஒலியாக மாற்றுவது, ஹெட்போனுக்குச் சக்தி கொடுப்பது எல்லாம் ஒரே சிப்பில். பற்றரி வயர்கள் ஈயம் வைத்து ஒட்டியவை. ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டியதை உடனே டேப்பால் மூடி, புதுசை அதே ஒழுங்கில் ஒட்டினேன். வாங்கும்போது தலையில் மஞ்சள் டேப்புக்குக் கீழே சின்னப் பாதுகாப்புப் போட் இருக்கிற பற்றரியாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் செல்லைப் போட்டுவிட்டு வானின் டாஷ்போட்டில் வெயிலில் வைப்பது விளையாட்டு இல்லை.

நாலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். கிளிப் பிளஸ்ஸைத்தான் முதலில் கையில் வைத்தேன். அவர் அதை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது எங்க மனே இரிக்கி? கைக்குள்ள இரிக்கிறதே தெரியல்ல. படுக்கையில உழுந்தா விடிஞ்சுதான் தேடணும்."

"நாடா கட்டித் தாறன் அண்ணாவியார். கழுத்துல போடலாம்."

"கழுத்துல போட நான் என்ன பள்ளிக்கூடப் பொடியனா?"

மத்தளம் அடித்த கை. விரல் நுனிகள் காய்த்துத் தடித்தவை. கிளிப்பின் நாலு திசைப் பட்டனில் எதை அமத்தினாலும் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமந்தது. சூனைக் கொடுத்தேன், பாரம் என்று கீழே வைத்துவிட்டார். ஐபொட்டை வாங்கியதும் உள்ளங்கையில் நிறுத்தி, பெருவிரலால் ஓரத்தைத் தடவி, திருப்பிப் பார்த்தார். "இது கேசற் மாதிரி நிக்கிது" என்றார். நான் அளவெடுத்த கதையை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அத்தோடு என் திட்டம் மாறியது. ஐபொட்டில் அவருக்கு இரண்டு தொல்லை. ஒன்று, காய்த்த விரல் நுனியைச் சக்கரம் சரியாக உணரவில்லை. நுனியை விட்டு விரலின் சதைப் பகுதியால் சுழற்றச் சொன்னதும் ஓடியது. மற்றது, ஓட விடும் பட்டன் எது என்று தடவித் தெரியாது, முழு வளையமும் ஒரே வழவழப்பு. பேர்த்தியிடம் நகப்பூச்சு வாங்கி, சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டேன். அவ்வளவு மெல்லிய படை சக்கரத்தின் உணர்வைத் தடுக்காது, விரலுக்கு மட்டும் தட்டுப்படும். கேட்கத் தொடங்கியதும் ஹோல்ட் சுவிச்சைத் தள்ளிவிடப் பழக்கினேன். மடியில் உரசி வொலியூம் மாறாது.

அப்புறம் நான் நினைத்தே பார்க்காத ஒன்று வந்தது. அவர் தனியாகக் கேட்பதில்லை. பிற்பாட்டுக்காரர் ஒருவர் பின்னேரங்களில் வருவார். இருவரும் சேர்ந்து கேட்டு, இந்த இடத்தில் தாளம் பிழை, இந்த வரி ஏட்டில் வேறு மாதிரி என்று கதைப்பது வழக்கம். நாலு பிளேயரிலும் ஹெட்போன் துளை ஒன்றுதான். 1979 இல் வந்த முதல் வோக்மன், சொனி டிபிஎஸ்-எல்2, இரண்டு துளையோடு வந்தது. தனியாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று சொனியின் அக்கியோ மொறிட்டா நினைத்தார். இருவரும் பாட்டைத் தணித்துவிட்டுக் கதைப்பதற்கு ஒரு செம்மஞ்சள் பட்டனும் வைத்தார்கள். பிறகு வந்த வோக்மன்களில் இரண்டும் போய்விட்டன. ஆட்கள் தனியாகக் கேட்கத்தான் வாங்கினார்கள்.

பஜாரில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் வாங்கினேன். அதில் கவனிக்க வேண்டியது, இரண்டு ஹெட்போனும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஓம் கணக்கு, அதாவது மின்தடை, வேறுபட்டால் ஒருவருக்குக் கத்தும், மற்றவருக்குக் கேட்காது. ஒரே மாதிரி இரண்டு 32 ஓம் ஹெட்போன் போட்டால் பிளேயருக்கு 16 ஓம் ஆகத் தெரியும். சத்தம் சற்றுக் குறையும், பற்றரி கொஞ்சம் முந்தி இறங்கும். காதுக்குள் செருகும் வகையை இருவருமே விரும்பவில்லை. காதின் மேல் வைக்கும் பெரிய வகையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டு, மற்றக் காதால் கேட்டுக்கொண்டே கதைக்கிறார்கள்.

இன்னும் ஒரு பெட்டி கேசற் மாற்றக் கிடக்கிறது. அதற்கான பெயர்களைப் பேர்த்தி பதிந்து அனுப்பிவிட்டாள். கிளிப் பிளஸ்ஸை நானே வைத்துக்கொண்டேன்.